மச்சான் குடல் முழிக்கிற வரைக்கும்

"பிரிஞ்சுதா?"

போனை எடுத்ததும் சீனித்தாய் கேட்ட முதல் வார்த்தை இதுதான். ஹலோ கிடையாது, சாப்பிட்டீங்களா கிடையாது.

கோவில்பட்டி ஆஸ்பத்திரி வராண்டாவில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, களவாணியைப்போலக் குரலைத் தாழ்த்தினான் காமராஜ். "இன்னும் இல்லட்டி."

"காலையிலயும் இதையேதான சொன்னீங்க?"

"காலையில பிரியல, அதச் சொன்னேன். இப்பவும் பிரியல, அதச் சொல்லுதேன். என் வயித்துக்குள்ள இருந்தா நான் பிடிச்சா வச்சுக்கிடுவேன்?"

"ஒங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளையிலருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பிரிய வேண்டியது ஒரு காற்று. காமராஜுடையது அல்ல, அங்கே என்றைக்கும் தட்டுப்பாடு வந்ததில்லை. இது அவன் மச்சான் வன்னியபெருமாளுடைய காற்று. சீனித்தாய்க்கு உடன்பிறந்த ஒரே அண்ணன். புதூர்ப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி. பருத்திக்காட்டில் நின்றவருக்குத் திடீரென்று வயிற்றைச் சுருட்டிப் பிடிக்க, வேனில் தூக்கிப் போட்டுக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தார்கள். குடல்வால் வீங்கி, இன்றைக்கு வெடிக்கவா நாளைக்கு வெடிக்கவா என்று இருந்ததாம். அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் சக்ஸஸ். தையல் சக்ஸஸ். காய்ச்சல்கூட இல்லை. ஆனால் அதற்கப்புறம் கீழ்வழியாக ஒரு சின்னக் காற்றுகூட வெளியே வரவில்லை. அது வரும்வரை வாய்க்குச் சோறும் கிடையாது, வீட்டுக்கு விடுதலையும் கிடையாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காமராஜின் ஒரே மகள் கற்பகத்துக்கு நாகலாபுரம் சாஸ்தா கோயிலில் காதுகுத்து. அன்றைக்குப் புதன்கிழமை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். தாய்மாமன் முதல் இலையில் உட்கார்ந்தால்தான் பந்தி ஆரம்பிக்கும். தள்ளிப் போடலாம் என்றால் பிள்ளைக்கு மூன்று வயசு இந்த மாதத்தோடு முடிகிறது; ஒற்றைப்படை வயசு தாண்டிவிட்டால் அப்புறம் ஐந்து வயசுக்குத்தான்.

ஆக, காற்று பிரிந்தால்தான் கஞ்சி. கஞ்சி தங்கினால்தான் டிஸ்சார்ஜ். டிஸ்சார்ஜ் ஆனால்தான் மடி. மடி இருந்தால்தான் காது. காது குத்தினால்தான் கிடாவெட்டு. கிடா வெட்டினால்தான் ஊருக்குச் சோறு. நாகலாபுரத்தில் எழுநூறு வயிறுகள் ஒரே ஒரு வயிற்றை எதிர்பார்த்துக் காத்துக் கிடந்தன. அந்தக் கிடா ஒன்றுதான் இந்த விஷயத்தில் நிதானமாக இருந்தது.

இன்னொரு மடியும் தயாராகத்தான் இருந்தது. சீனித்தாயின் சித்தப்பா மகன் சோலைராஜ், 'எம்மடி சும்மாத்தான கெடக்கு' என்று புது வேட்டியே எடுத்துவிட்டான். சீனித்தாய் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "எங்கண்ணன் மடி இல்லாம எம்பிள்ள காதுல ஊசி பட்டா, எங்கண்ணன் நம்ம வாசப்படிய மிதிக்க மாட்டாவ. அவிய மிதிக்காத வாசல்ல எனக்கும் சோலி இல்ல. பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் புதூருக்குப் போயிருவேன்."

சொன்னால் செய்கிற பெண். காமராஜுக்கு வயிற்றைக் கலக்கியது. கலக்க வேண்டிய வயிறு அதுவாக இல்லாமல் போனதுதான் கொடுமை.

டாக்டர் ப்ரியதர்ஷினி சின்ன வயசு. சிரித்த முகம். காமராஜ் அவர் அறைக்குள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"டாக்டரம்மா, எங்க மச்சான் விசயம்..."

"இன்னும் பிரியலையா?"

"இல்லங்க. உள்ள ஏதும் அடைச்சுக்கிட்டு இருக்குமோ?"

"அடைப்பெல்லாம் இல்ல. ஆபரேஷன்ல நாங்க குடலைக் கையால தொட்டுத் தூக்கிப் பார்த்தோம்ல? குடலுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது தொட்டுட்டா அப்படியே வேலைய நிப்பாட்டிடும்."

"ஏன்?"

"கோவம்னு வச்சுக்கங்களேன். நாம சாப்பிடுற சோற்றைப் புழு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு கீழ தள்ளுறது அதோட வேலை. தொட்டதும் நெளியாம மரக்கட்டை மாதிரிக் கிடக்கும். அப்புறம் அதுவா முழிக்கும். சிறுகுடல் முதல்ல முழிக்கும். அடுத்து இரைப்பை. பெருங்குடல் இருக்கு பாருங்க, அதுதான் கடைசி. அது முழிச்சிடுச்சுங்கிறதுக்கு அடையாளம்தான் அந்தக் காத்து."

காமராஜுக்குச் சட்டென்று பிடிபட்டது. "எங்க வீட்டு விசேசம் மாதிரிதான். சின்ன ஆளுக கூப்பிட்டதும் வந்துருவாவ. பெரிய ஆளுகதான் கட்டக் கடேசி."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அதேதான். ஆனா இவங்களைக் கெஞ்சவும் முடியாது, விரட்டவும் முடியாது. வேணும்னா நடக்கச் சொல்லுங்க. நடந்தா சீக்கிரம் அசையும்."

வராண்டாவில் வன்னியபெருமாளின் மனைவி பொன்மணி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் வார்டு என்பதால் அவளுக்கு உள்ளே அதிக நேரம் இடமில்லை. "வீட்டுல இவிய ஒரு தடவ விட்டாவன்னா ஓட்டுமேல இருக்குத புறா பூராம் பறந்து அடுத்த தெருவுக்குப் போயிரும். அப்ப நிப்பாட்டுங்கன்னா நிக்காது. இங்கன வந்து என்ன வீம்போ" என்று பெருமூச்சு விட்டாள்.

வார்டுக்குள் வன்னியபெருமாள் முண்டாசு கட்டாத ராஜாவைப்போல மல்லாந்து கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் சாமித்துரை என்று ஒருவர். குதிங்காலில் கருவேல முள் ஏறிப் புரையோடி வந்து படுத்தவர். வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் தாயம் விளையாடாத குறையாக ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

"மச்சான், எந்திரிங்க, நடப்போம்" என்றான் காமராஜ்.

"நடந்தா வருமா மாப்ள?"

"டாக்டரம்மா சொல்லுதாவ."

"நடப்போம். எனக்கென்ன?" என்று எழுந்தார் வன்னியபெருமாள்.

குளுகோஸ் பாட்டில் தொங்குகிற கம்பியைக் காமராஜ் முன்னால் உருட்டினான். பின்னால் மச்சான். விசாரிக்க வந்த புதூர்க்காரர்கள் எட்டுப் பேர், சும்மா நிற்பானேன் என்று அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வார்டில் தெரிந்த முகங்கள் இருந்தன, அவர்களும் சேர்ந்தார்கள். இரண்டாவது சுற்றில் கூட்டம் படிக்கட்டுவரை நீண்டது. வன்னியபெருமாள் சப்பரத்தில் போகிற சாமியைப்போல இரண்டு பக்கமும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நடந்தார். வெளிநோயாளிகள் பகுதிக்கு வந்தபோது, யாரோ பெரிய ஆள் பார்வையிட வந்திருக்கிறார் என்று நினைத்து ஒரு பெரியவர் முதியோர் பென்ஷன் மனுவை அவர் கையில் கொடுத்துவிட்டார். இவரும் வாங்கிக்கொண்டு, 'ஆவன செய்வோம்' என்றார்.

கூட்டம் கேட்டைத் தாண்டி டீக்கடைப் பக்கம் திரும்பும்போது நர்ஸ் சுந்தரேஸ்வரி ஓடிவந்து மறித்தாள்.

"யோவ், பேஷண்ட எங்க கடத்திக்கிட்டுப் போறீங்க?"

"கடத்தல சிஸ்டர், நடத்துதோம்."

"நடக்கச் சொன்னா வார்டுக்குள்ள பத்தடி நடக்கணும். ஊர்வலமா போவாங்க? தையல் பிரிஞ்சா யாரு பொறுப்பு?"

பிரிய வேண்டியது பிரியாமல் பிரியக் கூடாதது பிரிந்துவிடப் போகிறதே என்று கூட்டமே நடுங்கியது. அன்றோடு வன்னியபெருமாளுக்குக் கட்டிலைவிட்டு இறங்கத் தடை. புதூர்க்காரர்களுக்கு வார்டுக்குள் வரத் தடை.

சாயங்காலம் டாக்டர் வந்து அவர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். புருவத்தை உயர்த்தினார். இன்னொரு இடத்தில் வைத்தார்.

"சத்தமெல்லாம் ஜோரா கேக்குதே! ஐப்பசியில ஓடை ஓடுற மாதிரி ஓடுது. ஐயா, நிஜமாவே காத்து பிரியலையா?"

"இல்ல டாக்டரம்மா" என்றார் வன்னியபெருமாள், மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

"ஆச்சரியமா இருக்கு. சரி, சூயிங்கம் வாங்கிக் குடுங்க, மெல்லட்டும். முழுங்கக் கூடாது. வாய் மென்னா எச்சில் ஊறும். சோறு வருதாக்கும்னு ஏமாந்து வயிறு தன்னால வேலையத் தொடங்கிடும்."

காமராஜ் ஒரு டப்பா சூயிங்கம் வாங்கிவந்தான். வன்னியபெருமாள் அசைபோடுகிற காளையைப்போல மென்றார். ஒன்றும் நடக்கவில்லை. காமராஜ் யோசித்தான். வயிற்றை ஏமாற்றுவது என்று முடிவாகிவிட்டது. அதைப் போய் மிட்டாய்க்கடைச் சரக்கை வைத்து ஏமாற்றலாமா? நாற்பது வருஷம் கறிக்குழம்பு பார்த்த வயிறு. அதற்குத் தகுந்த மரியாதையோடு ஏமாற்ற வேண்டாமா?

நேராகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ச் சூடாகப் பரோட்டா, மட்டன் சால்னா, ஒரு சுக்கா பார்சல் வாங்கினான். சட்டைக்குள் ஒளித்து வார்டுக்குள் கொண்டுவந்து, மச்சான் மூக்குக்கு நேரே பொட்டலத்தைப் பிரித்தான்.

"திங்கக் கூடாது மச்சான். மோந்து மட்டும் பாருங்க. நல்லா உள்ள இழுங்க."

வன்னியபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். அவர் இழுத்த இழுப்பில் ஜன்னல் திரையெல்லாம் கட்டில் பக்கம் சாய்ந்தது. ஆனால் சால்னா வாசத்துக்கு ஒருவர் மூக்கு மட்டும்தான் என்று கணக்கா இருக்கிறது? அது எழுந்து வார்டு முழுக்க நடந்தது. உப்பில்லாக் கஞ்சி குடித்துக் கிடந்த ஆத்மாக்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன. மயக்கத்தில் இருந்த ஒருவர், "எலும்பு போடு" என்றார். அடுத்த நிமிஷம் பொட்டலத்தைச் சுற்றிப் பன்னிரண்டு கைகள்.

சுந்தரேஸ்வரி வந்தபோது வாழையிலை மட்டும்தான் மிச்சம். மறுநாள் ஹெர்னியா ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு இருக்கவேண்டிய ஆள் மூன்று பரோட்டாவை உள்ளே தள்ளியிருந்தார். அவர் ஆபரேஷன் தள்ளிப்போனது.

"ஐயா, நீங்க தின்னீங்களா?" என்று வன்னியபெருமாளிடம் கேட்டாள்.

"எம்மா, எனக்குத்தான் காத்தே பிரியலையே" என்றார் அவர் பரிதாபமாக. உதட்டோரம் என்னவோ மினுமினுத்தது. வேர்வையாக இருக்கும்.

"உங்களுக்கு?" என்று சாமித்துரையிடம் திரும்பினாள். "காலையில ஆறு இட்லி கேட்டு வாங்குனீங்க, மத்தியானம் ரெண்டு ஆள் சோறு. குதிங்கால்ல முள்ளு ஏறினா இம்புட்டா பசிக்கும்?"

"பெரிய முள்ளு தாயி" என்றார் சாமித்துரை.

அன்றோடு காமராஜுக்கும் வார்டுக்குள் தடை. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். மூக்கை மட்டும் உள்ளே நீட்டக் கூடாது.

வியாழக்கிழமை விடிந்ததும் போன் அடிக்க ஆரம்பித்தது. ஊர் வாட்ஸப் குரூப்பில் மழை, பருத்தி விலை எல்லாம் போய், ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது: பிரிஞ்சுதா? பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள் கேட்டார்கள். துபாயிலிருந்து ஒருவன், 'இங்க எல்லாரும் வேண்டிக்கிட்டிருக்கோம்' என்று அனுப்பியிருந்தான். கயத்தாறு பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலை நிற்கிறது. அத்தனை றெக்கையையும் ராவும் பகலும் சுற்றவைக்கிற சீமையில் ஒரு மனுஷன் வயிற்றுக்கு ஒரு பிடி காற்றுக்குப் பஞ்சமா என்று ஆளாளுக்கு ஆற்றாமை.

சமையல்காரர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, மசாலா அரைக்கவா, வேண்டாமா? ஒரு சொல்லுச் சொல்லுங்க."

சோலைராஜ் கூப்பிட்டான். "அத்தான், நான் எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டேன். மடி தயாரு."

பிறகு சீனித்தாய் கூப்பிட்டாள். இந்தத் தடவை அவள் கேள்வியே கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். "கற்பகத்துக்குத் துணிமணி எடுத்து வச்சிட்டேன். புதூருக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?"

காமராஜுக்குக் கண் இருட்டியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏட்டி, அழாத! பிரிஞ்சிட்டு!"

"என்னது?"

"பிரிஞ்சிட்டு, பிரிஞ்சிட்டு! இப்பத்தான்!"

அந்தப் பக்கம் ஒரு கத்தல். தொடர்ந்து தெருவே கத்துவது கேட்டது. யாரோ சரவெடி கொளுத்திவிட்டார்கள். கோயிலுக்கு வந்திருந்த மேளக்காரர், கூலி பேசாமலே ஒரு சுற்று வாசித்தாராம்.

"சத்தமாவா?" என்று கேட்டாள் சீனித்தாய் மூச்சு வாங்க.

"என்னது சத்தமா?"

"அதாங்க, சத்தமா வந்துச்சா, சும்மாவா? இங்கன எல்லாரும் கேக்காவ."

"வெடி மாதிரி வந்துச்சுட்டி. ஆஸ்பத்திரியே ஆடிப் போச்சு." பொய் என்று வந்துவிட்டால் அதில் என்ன கஞ்சத்தனம்!

"அப்ப நாங்களே நேர்ல வந்து எங்கண்ணனக் கூட்டிட்டு வாரோம். வேன் நிக்கி. பொம்பளையாளுக எல்லாம் ஏறிட்டாவ!"

"ஏ, வேண்டாம்! நானே கூட்டிட்டு..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. காமராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கட்டிலில் காற்று பிரியாத மச்சான். ஊரில் மசாலா அரைபடுகிறது. ரோட்டில் ஒரு வேன் நிறையக் குலவை வந்துகொண்டிருக்கிறது.

பொன்மணி எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, மூஞ்சி செத்துப் போயிருக்கு?"

சொன்னான். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம், "எங்கய்யாவுக்கு வயித்து உப்புசம்னா வெத்தலதான் போடுவாவ. ரெண்டு வெத்தல, ஒரு கொட்டப்பாக்கு. மென்ன மாத்திரத்துல வண்டி ஓடும். அந்த ரப்பர் முட்டாய விட இது மேலுல்லா?" என்றாள்.

மூழ்குகிறவனுக்கு வெற்றிலைக் கொடி கிடைத்தது. காமராஜ் வாசலுக்கு ஓடினான். பெட்டிக்கடையில் ரெங்கம்மாள் என்கிற அம்மா ஒரு கவுளி வெற்றிலையை நீட்டினாள். "பாக்கு?" "குடுங்க." "பழம்?" "குடுங்க, பழமும் வயித்துக்கு நல்லதுதான்." எல்லாவற்றையும் கையில் பிடிக்க முடியாமல், பொன்மணியின் எவர்சில்வர் தட்டை வாங்கி அதில் அடுக்கினான்.

போன் அடித்தது. "எட்டயபுரம் தாண்டிட்டோம்!" என்றது சீனித்தாயின் குரல். பின்னணியில் குலவை.

வார்டு வாசலில் சுந்தரேஸ்வரி கையை விரித்து நின்றாள்.

"சிஸ்டர், ஒரே ஒரு நிமிசம். இது சாப்பாடு இல்ல. மெல்லுததுக்கு. எங்க ஊர் சூயிங்கம்."

"பழம் இருக்கு?"

"அது தட்டுக்கு அழகு சிஸ்டர்!"

அவன் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "ஒரு நிமிஷம்தான். வாசத்தக் கிளப்பாதீங்க" என்று விலகினாள்.

காமராஜ் மச்சானின் கட்டிலருகே போய் நின்றான். ஒரு கையால் கொடுத்தால் தட்டுச் சாய்ந்துவிடும்போல இருந்தது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். ஓடி வந்ததில் மேல்துண்டு நழுவி இடுப்பில் கிடந்தது.

"மச்சான், எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. எம்மேல என்ன குத்தம் இருந்தாலும் மன்னிச்சுக்கிடுங்க. உங்க மடி இல்லாம எம்பிள்ள காதுல ஊசி படாது. நீங்க வந்து மொத இலையில உக்காந்தாத்தான் எவனுக்கும் சோறு. நீங்க வந்துதான் மச்சான் நடத்திக் குடுக்கணும். இந்தாங்க, இத வாங்கிக்கிடுங்க."

வார்டே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்தது. சாமித்துரை மட்டும் ஏனோ போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார், போர்வை குலுங்கிக்கொண்டிருந்தது. பாவம், அழுகிறார் என்று காமராஜ் நினைத்தான்.

வன்னியபெருமாள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தி ஒரு மூச்சு விட்டார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"நர்ஸம்மாவக் கூப்பிடு. பிரிஞ்சிட்டு."

காமராஜுக்கு நம்ப முடியவில்லை. "இன்னும் வெத்தலைய வாயிலயே வைக்கலையே மச்சான்!"

"பாத்த உடனேயே வேல செஞ்சிட்டு மாப்ள. நயம் வெத்தல."

"சத்தமே கேக்கலையே?"

"எல்லாத்தையும் ஊருக்குக் கேக்கும்படியா செய்ய முடியுமா? சபைன்னு ஒரு மரியாத இருக்குல்லா?"

டாக்டர் வந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ஓடை ஓடிக்கொண்டிருந்தது. "சரி, கஞ்சி குடுங்க" என்றார். வன்னியபெருமாள் டம்ளரை வைக்காமல் குடித்தார். கஞ்சி, தாய்வீட்டுக்கு வந்த பெண்ணைப்போல உள்ளே போய் நிம்மதியாகத் தங்கியது. "நாள் கணக்கா பட்டினி கிடந்த வயிறு மாதிரியே இல்லையே" என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சரியாக அந்த நேரத்தில் வேன் வந்து நின்றது. இருபது பெண்கள் ஒன்றாகக் குலவையிட, பிரசவ வார்டிலிருந்து, "எங்க வார்டுல இன்னும் ஒண்ணும் பொறக்கலையே!" என்று ஆயா ஓடிவந்தாள். சீனித்தாய் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் தங்கை தலையில் கைவைத்து, "உம் புருசன் தங்கமான ஆளு தாயி. வெறுமனே கோவப்படாத" என்றார்.

மறுநாள் அதிகாலையில், கனம் தூக்கக் கூடாது, குலுங்கக் கூடாது, ரசஞ்சோறு தவிர எதையும் தொடக் கூடாது என்ற நிபந்தனைகளோடு டிஸ்சார்ஜ். கார் கட்டைவண்டியைவிட மெதுவாக நாகலாபுரம் போனது.

காதுகுத்து ஜாம் ஜாமென்று நடந்தது. தையலுக்குப் பாதுகாப்பாக மடியில் இரண்டு தலையணை. அதன்மேல் கற்பகம், தேரில் ஏறிய அம்மனைப்போல. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் போட்ட சத்தத்தில் கோயில் மணி தானாக ஆடியது. சோலைராஜ் புது வேட்டி கசங்காமல் ஓரமாக நின்று பிள்ளைக்கு மிட்டாய் காட்டினான். அப்புறம் பந்தி. முதல் இலையில் வன்னியபெருமாள். கறி, ஈரல், எலும்பு என்று எல்லாவற்றையும் இலை நிறையப் பரிமாறச் சொல்லி, எல்லாவற்றையும் ஆசை தீரப் பார்த்து, ஒரு பிடி ரசஞ்சோறு தின்றுவிட்டு, "ம், ஊரு சாப்பிடலாம்" என்று கையை அசைத்தார். எழுநூறு வயிறுகளும் ஒரே நேரத்தில் முழித்துக்கொண்டன.

காமராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. பந்தலில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வெற்றிலை கொடுத்து, கூடவே வைத்தியமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மாவே அசந்து போயிட்டாவ. நடந்து பாத்தாச்சு, முட்டாய் மென்னு பாத்தாச்சு, சால்னா மோந்தாச்சு. பெருங்குடல் மசியல. வெத்தலையக் கண்ணால பாத்தாவ பாருங்க, கண்ணுலருந்து மூளைக்குப் போன் போகுது, மூளையிலருந்து குடலுக்குப் போன் போகுது, டக்குன்னு எந்திரிச்சு உக்காந்துட்டு! வாயில போடவே வேண்டாம். ஒரு தட்டுல வச்சு ரெண்டு கையால நீட்டணும், அவ்வளவுதான்."

ஆட்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். சோலைராஜ் தன் மாமனாருக்கு மலச்சிக்கல் என்று இரண்டு கவுளி வாங்கி மடித்து வைத்துக்கொண்டான்.

இரண்டாம் பந்தியில் ஓரமாக, பக்கத்தில் கம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சாமித்துரை. அவருக்கும் அன்றைக்கே டிஸ்சார்ஜ். வன்னியபெருமாள் கையோடு கூட்டிவந்துவிட்டார். ஒரு நல்லி எலும்பைத் தட்டிக்கொண்டே காமராஜின் வைத்தியத்தை ஆதியோடந்தமாகக் கேட்டவருக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. புரையேறிற்று. காமராஜ் தண்ணீர் டம்ளரோடு ஓடிவந்து முதுகைத் தட்டினான்.

"என்ன அண்ணாச்சி, ஏன் சிரிக்கீங்க? வெத்தல மருந்து இல்லங்கீங்களா?"

சாமித்துரை தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்து, முதல் இலைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, அவன் காதருகே குனிந்தார்.

"மருந்தும் இல்ல மாயமும் இல்ல தம்பி, ஒங்க மச்சானுக்கு அது ஆபரேசன் முடிஞ்ச மறுநாளே பிரிஞ்சிட்டு, பத்திரிகைய வாட்ஸப்புல அனுப்பிட்டு சும்மா இருக்க மாப்ள, நேர்ல வந்து வெத்தலபாக்கு வச்சுக் கூப்பிடுத வரைக்கும் இதப் பத்தி மூச்சு விட்டுராதேயும்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாருல்லா!"